புண்ணாக்குத் தின்ற கிடா

துலாச்சாவின் குடியிருப்பில் அன்று பிற்பகல் அறுக்கப்பட்ட கிடாவின் வயிறு திறக்கப்பட்டதும் முதலில் வாய் திறந்தவர் குடல் பார்க்கும் ஜல்தேசா அல்லர். சுற்றி நின்ற பெண்களே முந்திக்கொண்டார்கள்.

"அடி ஆத்தி! உள்ள பாலைக் காய்ச்சி ஊத்தி வச்சாப்பல இருக்கு!"

"ஈரலைப் பாருங்கடி" என்றாள் திராமு. "எம் மாமியா நாக்கு நீளம் இருக்கு. இதுவாச்சும் வெந்தா மெத்துனு ஆயிரும்."

சிரிப்பு எழுந்தது. திராமுவின் மாமியாரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்; அவரும் சிரித்தார். சிரிக்காதவள் ஒருத்தி மட்டுமே. அவள் எலேமா, கிடாவுக்கு உரியவள். எல்லாருக்கும் பின்னால், மாட்டுப்பட்டியின் முள்வேலியில் முதுகு படுமாறு நின்றிருந்தாள்.

மழை தவறிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. குடியிருப்புக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கறவை மாடுகளை இப்போதே கிளப்பித் தெற்கே தாழ்நிலத்துக்கு ஓட்டிச் செல்லலாம். அங்கே புல் உண்டு. போகும் வழியில் தண்ணீர் இல்லை. அல்லது, கன்றுகளுக்காக முள்வேலியிட்டுக் காத்துவைத்த புல்வெளியைத் திறந்து, மாடுகளையும் அதில் மேயவிட்டு, மழைக்குக் காத்திருக்கலாம். மழை நிச்சயம் என்றால் ஒழிய அந்த வேலியை எவரும் பிரிப்பதில்லை. பிரித்த பிறகு மழை வாராமற்போனால் கன்றுகளுக்கு ஒரு புல்தாளும் மிஞ்சாது. தாய்மாடுகளுக்கு நடக்கும் வலுவும் இராது.

இத்தகைய வேளையில் எங்கள் போரானா நாட்டில் ஓர் ஆட்டை அறுத்து அதன் குடலைப் பார்ப்பார்கள். அந்த ஆடு அதே மண்ணில் பிறந்து, அதே மண்ணின் புல்லையும் தழையையும் மட்டுமே தின்று வளர்ந்ததாக இருத்தல் வேண்டும். நிலத்தைத் தின்ற வயிறுதான் நிலத்தைப் பற்றிப் பேசும். இந்த முறை ஜல்தேசா வெள்ளை மயிர் ஒன்றுகூட இல்லாத செந்நிறக் கிடாவைக் கேட்டார். குடியிருப்பிலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது. குடல் பார்க்கக் கேட்ட ஆட்டை மறுத்த வீட்டுக்கு எங்களிடத்தில் ஒருவரும் பெண் கொடுப்பதில்லை. எலேமா மறுக்கவில்லை. மறுப்பதாயின் காரணம் சொல்லியாக வேண்டும். அதை அவளால் சொல்ல இயலாது.

ஜல்தேசா குடலைப் போர்த்தியிருந்த கொழுப்புச் சவ்வைக் கிழியாமல் உரித்தெடுத்து, இரு கைகளாலும் விரித்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். வறண்ட காலத்து ஆட்டின் சவ்வு சல்லடைத் துணி போன்றது. அதன் ஊடாகச் சூரியனைப் பார்க்கலாம். இந்தச் சவ்வோ சூரியனை மறைத்தது. அதன் நிழல் அவருடைய முகம் முழுவதும் விழுந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். ஓரத்தைத் தடவினார். நரம்புகளை விரலால் தேடினார். கொழுப்பில் புதைந்திருந்ததால் அவை எளிதில் அகப்படவில்லை.

"இந்த மாதிரி நல்ல வருசத்துலதான் பாத்திருக்கேன்" என்றார் கடைசியில். "நிலத்துக்குள்ள இன்னும் தெம்பு இருக்கு. மழை தூரத்துல இல்ல. மாட்டைக் கிளப்ப வேணாம். காலையில வேலியைப் பிரிங்க."

குடியிருப்பின் தலைவரான துலாச்சா கண்களை மூடித் திறந்தார். யாரோ ஒரு கிழவர் வானத்துக் கடவுளான வாக்காவின் பெயரைச் சொல்லி வானத்தை நோக்கிக் கையை உயர்த்தினார். பெண்கள் ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள்.

எலேமாவுக்கு அந்தக் கொழுப்பு எதனால் ஆனதென்று தெரியும்.

சென்ற பருவத்தில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஹிருத் என்னும் பெண் வந்திருந்தாள். பகலில் மேய்ந்து திரும்பும் ஆடுகளில் பாதிக்கு மாலையில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கோதுமைத் தவிடும் கலந்து வைத்தாள். மற்றப் பாதிக்கு ஒன்றும் வைக்கவில்லை. பிறகு இரு வகையிலும் சிலவற்றை அறுத்து, உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தாள். நிறுப்பதற்கு முன், "இதுல எதெல்லாம் நீங்க சாப்பிடுவீங்க?" என்று பெண்களைக் கேட்டாள். அன்று சிரித்த சிரிப்பைப் பெண்கள் இன்னும் மறக்கவில்லை.

"ஈரலு, இருதயம், குண்டிக்காய், நாக்கு, போட்டி, எல்லாம் சாப்பிடுவோம்."

"நுரையீரல்?"

"நாய்க்கு."

"மண்ணீரல்?"

"திராமு வீட்டுக்காரனுக்கு. அவன்தான் நாய் தின்னாததையும் தின்பான்."

அவர்கள் உண்பவற்றை மட்டும் ஒரு புறமாக வைத்து ஹிருத் நிறுத்தாள். புண்ணாக்குத் தின்ற ஆட்டின் ஈரல் கனத்திருந்தது. குடலும் இரைப்பையும் கனத்திருந்தன. எல்லாவற்றையும்விடக் குடற்கொழுப்பில்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. எலேமா இரண்டு சவ்வுகளையும் அடுத்தடுத்துத் தன் கைகளில் வாங்கிப் பார்த்தாள். ஒன்றன் வழியே உள்ளங்கை ரேகை தெரிந்தது. மற்றதன் வழியே ஒன்றும் தெரியவில்லை. "தீனி முதல்ல வயித்துக்குள்ளதான் போய்ச் சேரும். தொடைக்கறி அப்புறந்தான்" என்றாள் ஹிருத். ஜல்தேசா அன்று தொலைவில் ஒரு கிணற்று வழக்கைத் தீர்க்கச் சென்றிருந்தார்.

ஆராய்ச்சி முடிந்ததும் மீந்த மூட்டைகளை ஹிருத் பெண்களிடமே விட்டுச் சென்றாள். அவை எழுந்து நிற்க முடியாத கன்றுகளுக்கு மட்டுமே என்று பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். பங்கிடும் பொறுப்பை எலேமாவிடம் கொடுத்தார்கள். அவள் நேர்மையானவள் என்பதால் கொடுத்தார்கள். இதை வாசிப்பவர்கள் மறக்கலாகாது.

அவள் ஒரு மூட்டையைத் தன் கழிக்கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே பழைய தோல்களைப் போட்டு மூடினாள். அவளுடைய மகள் இரண்டு குடியிருப்புகளுக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டவள். முதற்பேற்றில் பிள்ளையையும் இழந்து, உதிரப்போக்கில் தானும் சாவுவரை போய்த் திரும்பியவள். இப்போது மீண்டும் சூலுற்றிருந்தாள். பிள்ளை பெற்றதும் மகளுக்குக் கொழுத்த ஈரலும் குடற்கொழுப்பும் கொடுக்க வேண்டும் என்பதே தாயின் எண்ணம். அதற்காகவே செந்நிறக் கிடாவுக்கு மாலைதோறும் குடிசைக்குள் வைத்து ஒரு கிண்ணம் புண்ணாக்கு ஊட்டினாள். தாயன்பு ஒரு காரணந்தான். அதனால் களவுக்கு வேறு பெயர் வந்துவிடாது.

அந்தி சாய்வதற்குள் கறி பங்கிடப்பட்டது. கிடா கொடுத்த வீட்டுக்கு ஈரல் உரியது. அதை ஒரு மரத்தட்டில் வைத்துத் திராமுவே எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் வழக்கம்போல் கேட்காமல் கட்டிலின்மேல் உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா மூஞ்சி இப்படி இருக்கு? கிடா போனதுக்கா? ஊரையே காப்பாத்திட்டுப் போயிருக்கு அது. பொட்டை ஆடா இருந்தாக்கூட அழலாம்."

"தலைவலி" என்றாள் எலேமா.

"ஈரல்ல நான் கை வைக்கல, பாத்துக்க. ஒரு ஓரத்தைக் கிள்ளலாமான்னு வழியெல்லாம் நாக்கு ஊறுச்சு. உம் மக மாசமா இருக்காளே, அவளுக்குக் காயவச்சு அனுப்பு. ரத்தம் ஊறும்."

எலேமா தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். திராமுவின் குதிகால் கட்டிலுக்கு அடியில் இருந்த தோலில் உராய்ந்துகொண்டிருந்தது.

"மழை மட்டும் இன்னும் கொஞ்சம் முந்திருந்தா எங்க கன்னு பொழைச்சிருக்கும்" என்றாள் திராமு, குரலை மாற்றாமலே. "சரி, அதுக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான். நீ என்ன பண்ணுவ? நீதான் மூட்டையையே உதறிக் காட்டினியே."

அது நடந்ததுதான். பங்கு தீர்ந்த சில நாள்களில் திராமு வந்து, மூட்டையின் அடியில் தூசியாவது இருக்குமா என்று கேட்டாள். அவளுடைய கன்று கழுத்தைத் தூக்காமல் கிடந்தது. எலேமா ஒரு வெற்று மூட்டையை எடுத்து அவள் எதிரிலேயே தலைகீழாக உதறிக் காட்டினாள். அப்போதும் திராமு இதே கட்டிலின்மேல், இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கன்று செத்தது. அன்றிலிருந்து எலேமா தனக்குத் தானே சொல்லிவந்த ஒரு சொல் உண்டு: ஒரு கைப்பிடியால் அது பிழைத்திருக்காது. அவள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள், ஒருமுறைகூட நம்பவில்லை.

திராமு எழுந்து போனதும் அவள் ஈரலின் ஒரு துண்டை அரிந்து நெருப்பில் வாட்டினாள். சாப்பிடாமல் இருந்தால் அண்டை வீட்டார் கேட்பார்கள் என்ற அச்சத்தால் வாயில் போட்டாள். மென்றாள்; விழுங்கவில்லை. சாம்பலில் துப்பி, மேலும் சாம்பலைத் தள்ளி மூடினாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு துலாச்சாவைத் தேடிச் சென்றாள்.

துலாச்சா அவளுடைய கணவனுக்கு அண்ணன் முறை. கணவன் வாரியோ வறட்டு மாடுகளுடன் தொலைவில் இருந்தபடியால், அவளுக்குச் சொல்லும் இடமும் கேட்கும் இடமும் அவரே. அவர் பட்டியின் வாயிலில் நின்று, திரும்பும் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடுகள் நடந்து வந்தன என்பதைவிட, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வந்தன என்பதே சரி.

"மாமா, அந்தக் கிடா மேய்ச்சல் கிடா இல்ல."

"மேயாம ஆகாசத்துலயா வளந்துச்சு?"

"புண்ணாக்குத் தின்னுச்சு. ஒரு மூட்டையை நான் ஒளிச்சு வச்சிருந்தேன். அந்தக் கொழுப்பு நிலத்தோடது இல்ல, மூட்டையோடது. ஹிருத் அறுத்துக் காட்டுனப்ப என் கையால தொட்டுப் பாத்திருக்கேன்."

துலாச்சா திரும்பி அவளைப் பார்க்கவில்லை. கடைசி மாடு உள்ளே நுழையும்வரை காத்திருந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு. எனக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாதுன்னு வச்சுக்க."

"மாமா!"

"சத்தம் போடாத. அங்க பாரு, அந்தக் கறுப்பு மாடு. காலையில வாலைப் பிடிச்சுத் தூக்கித்தான் நிக்க வச்சோம். இதுங்களை ஓட்டிக்கிட்டுத் தாழ்நிலத்துக்குப் போனா பாதி வழியிலயே கழுகுக்குப் பந்தி வைக்கணும். வேலியைப் பிரிக்கணும்னு எனக்கும் ஆசைதான். சவ்வு அதையே சொல்லிருச்சு. நீ ஏன் குறுக்க வர?"

"மழை வரலேன்னா?"

"வந்துட்டா? அப்ப நீ சொன்னதும் வீண், உம் மானம் போனதும் வீண். வாரியோ முகத்தை நெனச்சுப் பாத்தியா? கிணத்தடியில அவனுக்கு இருக்கற முறையைக்கூட விட்டுத் தரமாட்டானுங்க அப்புறம்."

"வரலேன்னா மாமா?"

"வரலேன்னா வானத்தைத்தான் திட்டுவாங்க. உன்னை யாரு கேக்கப் போறா?"

அவர் அவளுக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார். ஒருவரும் கேட்கப்போவதில்லை. கன்றுகள் ஒவ்வொன்றாக விழும்; திராமு மீண்டும் வந்து அந்தக் கட்டிலில் உட்காருவாள்; 'நீ என்ன பண்ணுவக்கா?' என்பாள். எலேமா வீடு திரும்பும்போது அந்த ஆறுதல் அவள் நெஞ்சில் கல்லைப்போல் அமர்ந்துவிட்டது.

விடிந்ததும் எல்லாரும் காப்புப் புல்வெளிக்குச் சென்றார்கள். வேலிக்கு அப்பால் புல் முழங்கால் உயரம் நின்றது. காய்ந்து மஞ்சளித்திருந்தாலும் புல்தான். அதன் மணம் பட்டதும் மாடுகள் கத்தத் தொடங்கின. கன்றுகளை மேய்ப்பவர்கள் கோல்களைக் குறுக்கே நீட்டித் தடுத்து நின்றார்கள்.

குடல் பார்த்து வேலி திறப்பதாயின், முதல் முட்கிளையைக் கிடா கொடுத்த வீட்டார் இழுக்க வேண்டும். வாரியோ இல்லாததால் ஜல்தேசா எலேமாவை அழைத்தார்.

"வா தாயி. உங்க வீட்டுக் கிடா குடுத்த வாக்கு. நீயே ஆரம்பிச்சு வை."

"மெதுவாக்கா, கையில குத்திராம!" என்று திராமு பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "குத்தினா ஈரலைத் தடவிக்க."

எலேமா கிளையைப் பற்றினாள். இழுத்தால் வந்துவிடும், காய்ந்த கிளை, பாரமில்லாதது. அவள் பற்றியபடியே நின்றாள். துலாச்சா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"இழும்மா" என்றார் ஜல்தேசா.

"இழுக்க மாட்டேன். கிடா பொய் சொல்லிருச்சு. இல்ல, கிடா சொல்லல. நான்தான் அதுக்குப் பொய்யை ஊட்டிவிட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மூட்டையைச் சொன்னாள், கிண்ணத்தைச் சொன்னாள், மகளைச் சொல்லத் தொடங்கி, அது சாக்காகிவிடும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். வெற்று மூட்டையை உதறிக் காட்டியதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் ஜல்தேசாவைப் பார்க்காமல் திராமுவைப் பார்த்தாள். துலாச்சாவிடம் முன்னமே சொன்னதை அவள் சொல்லவில்லை. துலாச்சாவும் சொல்லவில்லை, மாடுகளைப் பின்னே தள்ளுமாறு மேய்ப்பவர்களை அதட்டுவதில் அவர் முனைந்துவிட்டார்.

ஜல்தேசாவின் முகம் கறுத்தது. ஊரார் எதிரில் தம்முடைய கண் பொய்த்துப்போனது என்று எவரேனும் சொல்லிவிடுவார்களோ என்று அவர் ஒரு கணம் சுற்றிலும் நோக்கினார். எவரும் சொல்லவில்லை.

"நான் பாத்தது தப்பில்ல" என்றார். "சவ்வுல இருந்ததைத்தான் படிச்சேன். அது இந்த மண்ணைப் பத்திச் சொல்லல. உன் கட்டிலுக்கு அடியில இருந்ததைப் பத்திச் சொல்லிருக்கு."

"இன்னொரு ஆட்டை அறுங்க" என்றார் ஒருவர்.

"இந்தப் பிறைக்குள்ள ரெண்டாவது ஆட்டை அறுக்கப்படாது. உங்களுக்குத் தெரியாதா? இனிமே கொடலு இல்ல, நம்ம வாய்தான். உக்காந்து பேசுங்க."

பேசினார்கள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை பேசினார்கள், கத்தினார்கள், இருவர் எழுந்து போய்த் திரும்பி வந்தார்கள். முடிவில், நடக்கக்கூடிய மாடுகள் மறுநாளே தாழ்நிலத்துக்குப் புறப்படுவதென்றும், நடக்க இயலாதவை விதிப்படி ஆகட்டும் என்றும், வேலி கன்றுகளுக்காக மூடியே இருக்கட்டும் என்றும் தீர்ந்தது. துலாச்சாவின் கறுப்பு மாடு நடக்க இயலாதவற்றுள் ஒன்று. அவர் தலையசைத்து ஒப்புக்கொண்டார். எலேமாவின் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுக்கு என்ன தண்டனை என்று ஒருவர் கேட்டார். வாரியோ வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றார் ஜல்தேசா. பின்னர் அவளிடம் கேட்டார்:

"மூட்டையில மிச்சம் இருக்கா?"

"அடியில கொஞ்சம் இருக்கு."

"கன்னு இருக்கற வீடு ஒண்ணு விடாம போ. உன் கையாலயே குடு. ஆளை அனுப்பாத. வாசல்ல வச்சுட்டு ஓடி வராத. வீட்டுக்காரி வாங்கற வரைக்கும் நில்லு."

எலேமா மூட்டையைக் கட்டிலின் அடியிலிருந்து இழுத்தாள். தோல்களைத் தள்ளிக்கொண்டு அது வெளியே வரும்போது பக்கத்துக் குடிசைகளில் பேச்சு நின்றது. மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தால் முகந்து முகந்து ஒவ்வொரு வீடாகக் கொடுத்தாள். ஒருத்தி முகம் பாராமல் வாங்கிக்கொண்டாள். ஒருத்தி கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, "இதைத் தின்னா எங்க கன்னும் மழை வருதுன்னு சொல்லுமா?" என்று கேட்டாள், அவள் வீட்டார் சிரித்தார்கள். திராமுவின் மாமியார் வழியில் எதிர்ப்பட்டு, நின்று, விலகி வழிவிட்டார். எலேமாவுக்கு ஏச்சைவிட அந்த விலகல் கடினமாக இருந்தது.

எஞ்சியிருந்தது ஒரு வீடு. கன்று இல்லாத வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஜல்தேசா சொல்லவில்லை. எலேமா அங்கே போனாள்.

திராமு மாட்டின் அருகே குந்தியிருந்தாள். செத்த கன்றின் தோல் மாட்டின் எதிரே ஒரு கழியின்மேல் விரித்துப் போடப்பட்டிருந்தது. மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது, திராமு கறந்துகொண்டிருந்தாள். பால் மிகக் குறைவாகவே வந்தது. எலேமா கிண்ணத்தை நீட்டியபடி நின்றாள்.



"எங்க வீட்டுல தோலு மட்டும்தான் இருக்கு" என்றாள் திராமு, தலையைத் திருப்பாமலே. "தோலு திங்காது."

"மாட்டுக்காச்சும் குடு, திராமு."

"அக்கான்னு சொல்லிச் சொல்லி அந்தக் கட்டில்ல வந்து உக்காந்தேன்ல? உக்காந்துக்கிட்டே உங்கிட்ட கேட்டேன்ல?"

  தன்னிடம் இருந்த சொற்களையெல்லாம் எலேமா வேலியருகே செலவிட்டுவிட்டாள். வீட்டுக்காரி வாங்கும்வரை நிற்க வேண்டும் என்பது கட்டளை. அவள் நின்றாள்.  மற்றக் கையாலும் கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டாள்.

திராமு கறந்து முடித்தாள். பால் கலயத்தை மூடினாள். கன்றின் தோலை எடுத்து உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைக் கடந்து குடிசைக்குள் சென்றாள்.

மாடு கழுத்தை நீட்டிக் கிண்ணத்தை முகர்ந்தது. எலேமா அதைத் தின்ன விடவில்லை. கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுக்காரி வெளியே வருவாளென்று வாசலைப் பார்த்தபடி நின்றாள்.